மறுபடி ஏன் சோதனை?

விமானத்தில் சென்னை, மும்பை செல்லும் நம் வணிகர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. உள்ளே சோதனை முடிந்த பிறகும், விமானம் ஏறும் வாசலில் சிலரை மட்டும் நிறுத்தி மறுபடி பையைத் திறக்கச் சொல்கிறார்கள். நாலு பேர் பார்க்க நிற்பது நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

1999 டிசம்பர் 24-ல் காத்மாண்டுவிலிருந்து டெல்லி புறப்பட்ட விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன்பின், 2000 முதல் விமான நிலையக் காவல் படிப்படியாக மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு மாறியது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நெருங்கினால் இந்த வாசல் சோதனையும் கூடும்.

பரவை மார்க்கெட்டில் நாம் லோடு முழுவதையுமா கொட்டிப் பார்க்கிறோம்? நாலு மூட்டையை அவிழ்க்கிறோம். எந்த மூட்டை என்று முன்பே தெரிந்தால் அழுகல் வேறு மூட்டைக்குப் போய்விடும். அங்கும் அதே கணக்குத்தான்.

சோதனை நடக்கட்டும், ஒத்துழைப்போம், சற்று முன்னதாகவே கிளம்புவோம். ஆனால், காரணத்தை மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா?