ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

வெள்ளகோவிலில் இருந்து காங்கேயம் வழியாகத் திருப்பூருக்கு தினமும் காரில் வேலைக்குப் போய்வருபவர்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பெரிய நிம்மதி. ஆனால், கியர் விழும்போது வண்டி ‘டக்’குனு குலுங்கிய பிறகுதான் பலருக்கும் அதன் ஆயில் நினைவுக்கு வருகிறது. அதை நாமே மாற்றலாமா?

உங்கள் கார் எந்த வகை?

2014-ல் மாருதி செலேரியோவுடன் பரவலான ஏஎம்டி, அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்கு கியர் ஆயில். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர், டிசிடி மூன்றுக்கும் தனித்தனி ஆயில். மாற்றி ஊற்றினால் கியர்பாக்ஸே போய்விடலாம். கார் கையேட்டில் உள்ள ஆயில் பெயரையே வாங்குங்கள்.

‘லைஃப்டைம் ஆயில்’ என்கிறார்களே?

கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. நெரிசலும் வெயிலும் ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும்.

வீட்டில் எது முடியும்?

மெஷின் வைத்துச் செய்யும் ஃபிளஷ் வீட்டு வேலை அல்ல. வடித்துவிட்டு ஊற்றுவதே பாதுகாப்பு. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் ஒருமுறை வடித்தால் ஒரு பகுதி ஆயில்தான் வெளியே வரும். எனவே, சில நாள் ஓட்டிவிட்டு மீண்டும் ஓரிரு முறை மாற்றலாம்.

* முதலில் ஆயில் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். அது திறக்காவிட்டால், வடித்த பிறகு வண்டியை நகர்த்த முடியாது.
* வடித்த ஆயிலை அளந்து, அதே அளவு ஊற்றுங்கள்.
* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்; ஸ்டாண்ட் அவசியம்.

அளவு பார்ப்பதுதான் சிக்கல்

புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டி சமமாக நிற்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது, கையேடு சொல்லும் வெப்பநிலையில் அளவைப் பார்க்க வேண்டும். சில கார்களில் அது சுமார் 40 டிகிரி. நம்ம ஊர் மே மாத மதியத்தில் இன்ஜினைப் போட்ட சில நிமிடங்களில் ஆயில் அதைத் தாண்டிவிடலாம். விடியற்காலையில் செய்வது நல்லது. வெப்பத்தைக் காட்டும் ஸ்கேனர் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

வாரண்டி இருந்தாலோ, ஆயிலில் கருகிய வாசனை, இரும்புத் துகள் தெரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். அது ஆயில் மாற்றினால் மட்டும் தீராத கோளாறாக இருக்கலாம்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்று இந்தப் பகுதிக்குச் சொல்லத் தேவையில்லை. கேனில் மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.