‘24 காட்டுது, ஆனா வேர்க்குதே!’ ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வீட்டில் சொதப்புவது ஏன்?

“ஏய்யா, ஏசி தானா நின்னுபோச்சே, நீ ஏதும் பண்ணினியா?”

“இல்லம்மா, இங்க ஓடுதுன்னுதான் காட்டுது. 24 டிகிரி போட்டிருக்கு.”

“24-ஆவது 25-ஆவது, இங்க வேர்த்துக் கொட்டுது.”

பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வைஃபை ஏசி மாட்டிக்கொடுத்த வீடுகளில் இந்த உரையாடல் புதிதல்ல. போடிநாயக்கனூர் மாதிரி ஊரில் கோடைக்கால இரவுகளில் இது இன்னும் கூடுதல். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாசலில் நின்றால் மலை தெரியும். குளிர் மட்டும் மலையிலேயே தங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டு போனால் உயரம் 1,300 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. மேலே கம்பளி, கீழே ஏசி.

சரி, கீழே இருக்கும் அந்த ஏசி ஏன் மூளை இருந்தும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது?

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது?

அமெரிக்க வீடுகளில் தெர்மோஸ்டாட் என்பது சுவரில் இருக்கும் ஒரு பெட்டி. வீடு முழுவதற்கும் ஒரே சூடேற்றும் இயந்திரம், ஒரே குளிரூட்டி; அவற்றுக்கு உத்தரவு போடுவது அந்தப் பெட்டி. நம் வீடுகளில் அப்படி ஒன்று சுவரில் கிடையாது என்பதால் நம்மிடம் தெர்மோஸ்டாட்டே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இஸ்திரிப் பெட்டியில் ‘டக்’கென்று சத்தம் வந்து விளக்கு அணைகிறதே, அது தெர்மோஸ்டாட். கீசரில் இருக்கிறது, ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஸ்பிளிட் ஏசியிலும் உள்ளே ஒளிந்திருக்கிறது. “ஏசி கட் ஆஃப் ஆகுது” என்று சொல்கிறோமே, அது இதன் வேலைதான்.

‘ஸ்மார்ட்’ என்றால் இந்தச் சின்ன அளவுகோலோடு வைஃபை, செயலி, நேர அட்டவணை, ‘வீட்டில் ஆள் இருக்கிறார்களா’ என்று ஊகிக்கும் வசதி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. சில ஏசிகளில் இது உள்ளேயே வருகிறது. பழைய ஏசி என்றால், ரிமோட் போலவே நடிக்கும் ஒரு சின்ன டப்பாவை மேஜையில் வைத்துவிடலாம். சிக்கல்களில் பாதி இந்தச் சேர்மானத்தில் வருகிறது. மீதிப் பாதி, அந்த அளவுகோல் இருக்கும் இடத்தில்.

மூக்கு நுனியில் மட்டும் 24

ஸ்பிளிட் ஏசியின் உணரி, உள் யூனிட் காற்றை இழுக்கும் இடத்தில், ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. அதாவது தரையிலிருந்து ஏழு, எட்டு அடி உயரத்தில். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு என்ன வெப்பநிலை என்று அந்த உணரிக்கு நேரடியாகத் தெரியாது. தயாரிப்பாளர்கள் ஒரு உத்தேசக் கழித்தலைப் போட்டு வைத்திருப்பார்கள். உங்கள் அறையின் நீளம், கட்டில் கிடக்கும் மூலை, திறந்து கிடக்கும் கதவு எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது.

இன்னொன்று, மொட்டை மாடி. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரை ராத்திரி முழுக்க வெப்பத்தைக் கீழ்நோக்கி உமிழ்ந்துகொண்டே இருக்கும். அறைக் காற்று 24 டிகிரிக்கு வந்துவிட்டாலும், கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் உடம்பு அந்தக் கதிர்வீச்சை வாங்கிக்கொள்கிறது. உணரி பொய் சொல்லவில்லை, காற்று 24-தான். ஆனால் வேர்க்கும். காற்றில் ஈரப்பதம் எவ்வளவு, மின்விசிறி ஓடுகிறதா இல்லையா என்பதும் உடம்புக்குத் தெரியும், அந்த எண்ணுக்குத் தெரியாது.

இந்த எரிச்சலில் பலர் செய்வது 16-க்கு இறக்குவது. 16 வைத்தால் அறை வேகமாகக் குளிரும் என்பது நீண்ட நாள் நம்பிக்கை. சாதாரண ஏசியில் கம்ப்ரஸர் ஓடினால் ஒரே வேகம்தான். 16 வைத்தாலும் 24 வைத்தாலும் குளிர்விக்கும் வேகம் மாறாது. எப்போது நிறுத்துவது என்பதுதான் மாறும். பெரும்பாலும் நிறுத்தவே நிறுத்தாது. அப்புறம் இரண்டு மாத ரீடிங் எடுக்க ஆள் வரும்போது தெரியும். இன்வெர்ட்டர் ஏசியில் வேகம் கூடிக் குறையும் என்றாலும், 16-ஐ எட்டவே முடியாத அறையில் அதுவும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டேதான் இருக்கும். (இடையில் ஒன்று: ‘இன்வெர்ட்டர் ஏசி’ வாங்கினால் கரண்ட் போனாலும் ஓடும் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. அந்த இன்வெர்ட்டர் வேறு, இந்த இன்வெர்ட்டர் வேறு.)

ஏலக்காய் ஸ்டோர்காரருக்குத் தெரிந்தது

எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பது போடிக்காரர்களுக்குப் புதுப் பாடம் இல்லை. மலையில் விளையும் ஏலக்காய் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு வரும் இரண்டு ஊர்களில் ஒன்று போடி. இன்னொன்று இடுக்கியில் உள்ள புற்றடி. ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது காயின் பருமனும் பச்சை நிறமும். அந்தப் பச்சை நிற்பதும் போவதும் ‘ஸ்டோர்’ என்று சொல்லப்படும் உலர்த்தும் அறையில்தான்.

பறித்த காயின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். அதைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய். 45 முதல் 55 டிகிரிச் சூட்டில், கிட்டத்தட்ட ஒரு பகலும் ஓர் இரவும். சூடு கூடினால் நிறம் வெளுக்கும், காய் வெடிக்கும், வாசனை எண்ணெய் போய்விடும். ஆனால் சூடு சரியாக இருந்தும் காய் கெடலாம்: காயிலிருந்து கிளம்பும் நீராவியை வெளியேற்றாவிட்டால், அறைக்குள் காய் உலராமல் வேகும். தெர்மோமீட்டர் 50 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பழைய விறகடுப்பு ஸ்டோரில், ஆள் உள்ளே போய்ப் பார்ப்பார். ஜன்னலைத் திறந்து ஆவியை விடுவார், மேல்தட்டுக் காயையும் கீழ்த்தட்டுக் காயையும் தொட்டுப் பார்ப்பார், ஒரு கை அள்ளித் தேய்த்துக் காம்பு உதிர்கிறதா என்று சோதிப்பார். இன்று காற்றாடியும் டிஜிட்டல் கட்டுப்பாடும் வைத்த உலர்த்திகள் வந்துவிட்டன; விறகும் தூக்கமும் மிச்சம். அதிலும் கடைசிச் சொல் காயைத் தொட்டுப் பார்ப்பவருடையதுதான். ஒரு லோடு காய் மஞ்சளித்துப் போனால் நஷ்டம் அவருக்கு, மெஷினுக்கு இல்லையே.

முதல் மின் தெர்மோஸ்டாட்டும் இப்படித்தான் பிறந்தது என்பது சுவாரசியம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திய வாரன் ஜான்சன், 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வகுப்பறையின் சூட்டைப் பார்க்க ஊழியர் அடிக்கடி உள்ளே வந்து போவது பாடத்தைக் கெடுத்ததால் வந்த யோசனை அது. அவருடைய கருவி அடுப்பைத் தானாக இயக்கவில்லை. அடுப்பறையில் ஒரு மணியை அடித்தது, அவ்வளவுதான். சூட்டைக் கூட்டியதும் குறைத்ததும் மனிதர்.

வீட்டில் யாரும் இல்லையாம்!

இன்றைய கருவி மணி அடிப்பதோடு நிற்பதில்லை, முடிவும் எடுக்கிறது. அதற்குக் கையில் இருக்கும் தகவலோ கொஞ்சம்.

‘ஆள் வெளியே போனால் ஏசி அணையட்டும்’ என்ற வசதியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இது பார்ப்பது ஆளை அல்ல, போனை. செயலி இருக்கும் போன் வீட்டைவிட்டு நகர்ந்தால் வீடு காலி என்று அர்த்தம். அப்பா காலையில் ஜீப் ஏறிப் பூப்பாறை பக்கம் எஸ்டேட்டுக்குப் போகிறார். கருவியின் கணக்கில் வீட்டில் ஆள் இல்லை. பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி உள்ளே படுத்திருப்பது அதற்குத் தெரியாது. அசைவை உணரும் கருவி வைத்தாலும், மதியம் ஆடாமல் அசையாமல் தூங்குபவர் அதற்கு ஆளாகத் தெரிவதில்லை. வெளி வெப்பநிலையைப் பார்த்து நடப்பதாகச் சொல்லும் செயலிகளுக்கு இந்த ஊர் இன்னொரு சோதனை. வானிலைக் கணிப்புகள் நிலத்தைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுபவை. மலையும் அடிவாரமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால், வருவது இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரி.

மேஜை டப்பாவின் கதை வேறு. அது அகச்சிவப்புக் கதிரில் ஏசிக்குச் சொல்லும். ஏசி திருப்பிப் பதில் சொல்லாது. ஒருவழிப் பேச்சு. அம்மா ஏசியோடு வந்த பழைய ரிமோட்டை எடுத்து 27 வைத்துவிட்டால் டப்பாவுக்குத் தெரிய வழியில்லை. செயலியில் 24 என்றே நிற்கும். முதலில் சொன்ன போன் உரையாடலில் இருவருமே உண்மை பேசுவது இப்படித்தான் சாத்தியமாகிறது. இதற்கு நடுவில் கரண்ட் போய் வந்தால் கேட்கவே வேண்டாம். ஏசி ஒரு நிலையில் எழும், ரவுட்டர் மெதுவாக எழும், டப்பா ரவுட்டரைத் தேடும். இந்த வகைக் கருவிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும் என்பதால், ரவுட்டரை மாற்றிய அன்றே தொடர்பு அறுந்து மாதக்கணக்கில் ‘ஆஃப்லைன்’ என்று கிடக்கும் வீடுகளும் உண்டு.

ரிமோட் வேறொருவர் கையில்

இவை எல்லாம் எரிச்சல்கள். கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று: கருவி யாருக்குக் கீழ்ப்படிகிறது என்பது.

2022 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவின் கொலராடோவில் கடும் வெயில். சுமார் 22,000 வீடுகளில் தெர்மோஸ்டாட்டைத் தொட்டாலும் குளிர் கூடவில்லை. மின் நிறுவனமான எக்ஸெல் எனர்ஜி பூட்டியிருந்தது. சலுகைத் தொகைக்காக அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள்தான் அவர்கள். ஒப்பந்தத்தில் எழுதியும் இருந்தது. வேர்க்கும்போதுதான் படித்தார்கள். 2016 ஜனவரியில் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுக்கு வந்த ஒரு மென்பொருள் கோளாறு பேட்டரியைத் தின்றுவிட, குளிர்காலத்தில் வீடுகள் சில்லிட்டன. அதே நெஸ்ட்டின் 2011, 2012 மாடல்களை 2025 அக்டோபர் 25-உடன் கூகுள் தன் செயலியிலிருந்து கழற்றிவிட்டது. சுவரில் இருப்பதைக் கையால் திருகலாம், போனிலிருந்து முடியாது. ‘ஸ்மார்ட்’ போய் தெர்மோஸ்டாட் மட்டும் மிஞ்சியது.

இந்தியாவில் விஷயம் மென்மையாக நடக்கிறது. 2020 ஜனவரி முதல் விற்கப்படும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் விதி. அது தொடக்க எண் மட்டுமே, மாற்றிக்கொள்ளலாம். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது அந்த அமைப்பு. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், புதிய ஏசிகளை 20-க்குக் கீழேயும் 28-க்கு மேலேயும் வைக்க முடியாதபடி வரம்பு கொண்டுவரும் யோசனையை அறிவித்தார். மின்சாரத் தட்டுப்பாட்டை நினைத்தால் இதில் நியாயம் இருக்கிறது. போடியிலோ மதுரையிலோ 20-க்குக் கீழே யாருக்கும் உண்மையில் தேவையும் இல்லை. 26, 27 வைத்து மின்விசிறியைச் சுழலவிட்டாலே பலருக்குப் போதும். ஆனால் கூரை வெப்பம் இறங்கும் மாடி அறைக்கும் மரநிழல் வீட்டுக்கும் ஒரே எண் பொருந்தாது என்ற பழைய பிரச்சினை இங்கேயும் நிற்கிறது.

பெற்றோர் வீட்டில் மாட்டப்போகிறீர்களா?

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நெட் இல்லாவிட்டால் இது என்னென்ன செய்யும் என்பது. “எல்லாம் கிளவுட்ல சார்” என்று பதில் வந்தால், நேர அட்டவணையும் நெட்டை நம்பித்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

உணரியை ஏமாற்றவும் வழி இருக்கிறது. சில ஏசிகளின் ரிமோட்டிலேயே வெப்ப உணரி இருக்கும். ‘ஐ ஃபீல்’, ‘ஃபாலோ மீ’ போன்ற பெயர்களில் அந்தப் பட்டன் வரும். அதை அழுத்திவிட்டு ரிமோட்டைக் கட்டில் பக்கம், ஏசிக்கு நேராக வைத்தால், ஏசி கூரையோரக் காற்றை விட்டுவிட்டுக் கட்டிலோரக் காற்றைப் பார்த்து ஓடும். பலர் வீட்டில் அந்தப் பட்டன் தொடப்படாமலே இருக்கிறது. ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுவதும் உணரிக்குச் செய்யும் உதவிதான்.

ஆள் இல்லாதபோது அணைக்கும் வசதியை, வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கும் குடும்பத்தில் அணைத்தே வைப்பது நல்லது. நள்ளிரவு அட்டவணையைப் பெங்களூரில் உட்கார்ந்து போடுவதற்கு முன் அந்த அறையில் ஒரு இரவாவது படுத்துப் பார்க்க வேண்டும். செயலியை எத்தனை போனில் ஏற்றினாலும், பழைய ரிமோட்டை டிவி அலமாரிக்குள் பூட்டிவிடாமல் அப்பா அம்மா கைக்கு எட்டும் இடத்தில், நல்ல பேட்டரி போட்டு வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.