சப்போட்டாவின் வேர் பிறந்த காடு

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர்களில் பலர் வாசலில் ஒரு சப்போட்டாக் கன்று நட்டிருக்கிறார்கள். நர்சரியில் வாங்கிய ஒட்டுக்கன்று. அதன் அடித்தண்டைக் குனிந்து பாருங்கள். தரைக்குச் சற்று மேலே தண்டு லேசாகப் புடைத்து, பட்டையின் நிறம் மாறும் இடம் ஒன்று இருக்கும். அதற்கு மேலே இருப்பது சப்போட்டா. கீழே, மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பாலை மரம். மெக்சிகோ பக்கமிருந்து வந்த சப்போட்டா நம் மண்ணில் நெடுங்காலம் நிலைத்து நிற்க, இங்கேயே பிறந்து வளர்ந்த அதன் உறவுக்கார மரத்தின் வேரில் ஒட்டுக் கட்டுகிறார்கள்.

அந்தப் பாலை தன் சொந்தக் காட்டில் முழு மரமாக நிற்பதைப் பார்க்க, சித்திரை வெயிலில் கீழ்புத்துப்பட்டுக்குப் போனேன். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போய், ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம்வரை இறங்கி, மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்க வேண்டும். புதுச்சேரிக்குச் சற்று வடக்கே, விழுப்புரம் மாவட்டத்து ஊர். பூரணி, பொற்கலை சமேதராக மஞ்சனீஸ்வரர் அய்யனார் இங்கே இருக்கிறார். பல ஊர்க் குடும்பங்களுக்குக் குலதெய்வம். பொங்கல் வைக்கவும் மொட்டை போடவும் காது குத்தவும் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைத் தாண்டி நடந்தால் காடு.

உள்ளே நான்கு எட்டு வைத்ததுமே வெளிச்சம் குறைந்துவிட்டது. வெளியே கண் கூசிய வெயில், இங்கே தரையில் சில்லறைக் காசுகளாகச் சிதறிக் கிடந்தது. அண்ணாந்து பார்க்கும் உயரமெல்லாம் கிடையாது. பெரும்பாலான மரங்கள் இரண்டு மாடி வீட்டு உயரம்தான். ஆனால் ஒவ்வொன்றும் நெளிந்து, முறுக்கேறி, ஒரே வேரிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாகப் பிரிந்து, பக்கத்து மரத்தோடு கைகோத்து நிற்கிறது. அவற்றுக்கிடையே தொடைப் பருமனில் கொடிகள். எது கொடி, எது கிளை என்று பிரித்துச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பாலையைக் கண்டுபிடிப்பது எளிது. இலை தடிப்பாக, தோல் செருப்பின் வார் போல இருக்கும்; நுனியில் கூர் இருக்காது, நடுவில் சிறிதாக உள்வாங்கியிருக்கும். கிள்ளினால் பால் வரும், பெயரே அதனால்தான். இந்தக் காட்டில் இலையைக் கிள்ளக் கூடாது என்பதால் நான் கிள்ளவில்லை. இதன் கட்டை தண்ணீரில் மிதக்காது, மூழ்கும், அவ்வளவு கனம். உலக்கை செய்ய உகந்ததால் உலக்கைப் பாலை என்றும் பெயர். இலங்கையின் வன்னிக் காடுகளிலும் இதே மரம்தான். அங்கே பாலைப்பழம் என்றால் நாவில் நீர் ஊறாதவர் இல்லை.

பாலைக்குப் பக்கத்திலேயே காயா பூத்திருந்தது. இந்தப் பக்கம் காசான் என்பார்கள். பூ இலைநடுவே மட்டும் வருவதில்லை. இலை உதிர்ந்த பழைய கிளையிலும் பட்டையை ஒட்டி கொத்துக் கொத்தாக மலர்கிறது. ஒவ்வொரு பூவும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவிலான அந்த நிறத்துக்குத் தமிழில் வேறு உவமை தேட வேண்டியதில்லை, திருமாலின் நிறமே அதுதான். ஒரகடத்துக்குப் பக்கத்தில், ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் காயாம்பூ வண்ணன் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் காட்டின் வகைக்கு ‘வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு’ என்று பெயர். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி வனவியலாளர் சாம்பியன் 1936-இல் வெளியிட்ட நூலிலேயே இது தனி இனமாக இருக்கிறது. பெயரிலேயே ஒரு முரண் தெரிகிறதல்லவா? ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் காடு, மழை ஓயாத மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்தால் வியப்பில்லை. சோழமண்டலக் கரையிலோ ஆண்டு மழை ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. இப்படிப்பட்ட இடங்களில் மரங்கள் இலையுதிர்த்துப் பிழைப்பதுதான் வழக்கம்.

பாலையும் காயாவும் வீரையும் இரும்பிலியும் வேறு வழி கண்டிருக்கின்றன. சிறிய, தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலையைச் செய்து, அதைப் பல மாதம் வைத்துக்கொள்கின்றன. நீர் எளிதில் ஆவியாகாது. அவசரப்பட்டு வளர்வதில்லை. முக்கியமான வேலையைச் செய்வது காட்டின் அடர்த்தி. ஓரத்தில் காரையும் சூரையும் களாவும் முள்வேலி போட்டு அனல்காற்றைத் தடுக்கின்றன. மேலே கிளைகளும் கொடிகளும் கூரை வேய்கின்றன. அந்த நிழலின் ஈரத்தில்தான் நாற்று பிழைக்கிறது. பெரும்பாலான மரங்களின் பழம் சதைப்பற்றுள்ளது. கொண்டைக்குருவியும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் தின்று விதையைப் பரப்புகின்றன. இந்த ஏற்பாட்டில் நடுவே ஓர் அகலப் பாதை வெட்டினால் போதும், வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து இருபுறமும் காய ஆரம்பித்துவிடும்.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ‘விஸ்ட்மன்ஸ் வுட்’ என்றொரு சிறு ஓக் காடு இருக்கிறது. அங்கும் மரங்கள் குட்டையாக முறுக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. ஆடுமாடு வாய்வைக்க முடியாதபடி கருங்கல் பாறைகளின் இடுக்கில் முளைத்ததால் தப்பியவை அவை. இங்கே முள் செய்ததை அங்கே கல் செய்திருக்கிறது. இரவில் சாத்தானின் வேட்டை நாய்கள் அந்தக் காட்டிலிருந்து புறப்படும் என்பது ஊர்க்கதை. நம் அய்யனாருக்கும் நாய் உண்டு, குதிரை உண்டு. இரவில் புறப்படுவதும் உண்டு. ஆனால் அவர் புறப்படுவது ஊரைக் காவல் காக்க. டார்ட்மூர் காட்டுக்குக் கூட்டம் அதிகமாகி, பாறைமேல் படர்ந்த பாசி மிதிபட்டு அழியத் தொடங்கியதும், காட்டுக்குள் நுழையாதீர்கள், வெளியே நின்று பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

நமக்கு அந்த அறிவிப்பை முன்பே எழுதி வைத்தவர் அய்யனார். சுள்ளி ஒடிக்காதே, செருப்போடு போகாதே, மீறினால் சாமி குற்றம். இந்த அச்சம் இருந்த இடங்களில் காடு மிஞ்சியது. இல்லாத இடங்களில் விறகாகவும் வயலாகவும் போனது. இன்று அச்சம் குறைந்து, பக்தி மட்டும் கூடியிருப்பதுதான் என் கவலை. நான் போன அன்று மரத்தடியில் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன.

மீண்டும் நம் பக்கத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் களிக்கல் அடுக்குகளில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இலைகளின் அச்சு கிடைக்கிறது. நிலவியலில் அந்தப் படிவுக்கு இந்த ஊரின் பெயர்தான். அந்தத் தாவரங்கள் இனி வரப்போவதில்லை. ஆனால் பாலையும் காயாவும் இதே சமவெளியின் மரங்கள், உயிரோடு இருப்பவை. இருந்தும், இங்குள்ள தொழிற்சாலை வளாகத்துப் பசுமை வளையம் என்றால் சீக்கிரம் வளரும் ஏதோ ஒரே மரத்தை வரிசையாக நட்டுக் கணக்குக் காட்டுகிறோம். வேறு விதமாகவும் செய்யலாம். 1968-இல் புதுச்சேரி அருகே ஆரோவில் நகரியம் தொடங்கியபோது அது அமைந்த மேடு வெறும் செம்மண் பொட்டல். பிறகு அங்கிருந்தவர்கள் சுற்றுவட்டாரக் கோயில் காடுகளில் எஞ்சிய மரங்களை அடையாளம் கண்டு, விதை சேர்த்து, நாற்று வளர்த்து, இந்தக் காட்டைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். சென்னை அடையாறு பூங்காவிலும் இம்மரங்களை நட்டிருக்கிறார்கள்.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வளாகப் பராமரிப்பைக் கவனிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மரக்கன்று வாங்கும்போது பாலை, காயா, வீரை, நாவல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆரோவில் பக்கத்து நாற்றங்கால்களில் விசாரியுங்கள். தனித்தனியாக வேண்டாம், நெருக்கமாகக் கலந்து நடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, புரட்டாசியில் நட்டால் முதல் கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.