பட்டாசு ஆலையில் ஆடிட்டர் எதைப் பார்க்க வேண்டும்?

"ஆடிட்டிங்கா? வருஷம் முடிஞ்சதும் ஆடிட்டர்கிட்ட ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே" என்று நினைக்கும் முதலாளிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால், சிவகாசி வட்டாரத்தில் கணக்கில் வராத சரக்கு வெறும் வரி ஏய்ப்பு அல்ல. அது வெடிக்கும்.

பச்சை நிறம் தரும் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. தடை மீறப்படுகிறதா என்று விசாரிக்கும்படி 2020 மார்ச்சில் சிபிஐக்கு உத்தரவு போனது. சிபிஐ மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியது. மூலப்பொருள் வாங்கிய விவரத்தைப் புரட்டியது. பேரியம் பெருமளவில் வாங்கப்பட்டதும், மாதிரிகளில் அது இருந்ததும், லேபிள் விதிமீறலும் அறிக்கையில் வந்தன. 2021 செப்டம்பர் 29 அன்று நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி, 6 உற்பத்தியாளர்களிடம் விளக்கம் கேட்டது.

நல்ல தணிக்கையும் இப்படித்தான். பில், குடோன், பெட்டி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வாங்கிய அலுமினியத் தூளுக்கு இத்தனை பெட்டி வர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. விற்பனை பில் அதைவிடக் குறைந்தால், மிச்சம் பில் இல்லாமல் போயிருக்கலாம். கூடினால், மருந்து பில் இல்லாமல் வந்திருக்கலாம். அல்லது வேறு எங்கோ செய்த சரக்கு இங்கே நுழைந்திருக்கலாம். மற்ற ஆலைகளில் கரன்ட் பில்லை வைத்து உற்பத்தியைக் கணிப்பார்கள். கையால் செய்யும் பட்டாசுக்கு அது உதவாது. பீஸ் ரேட் கூலி நோட்டுதான் சாட்சி.

நேரில் சரிபார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய நிறுவன உதாரணம் சத்யம். வங்கியில் இருப்பதாகக் காட்டிய தொகையில் சுமார் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். அந்த வங்கிகளிடமே ஆடிட்டர்கள் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1 கோடி ரூபாய்க்குக் குறையாத மோசடி தெரிந்தால் ஆடிட்டர் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். ஆனால், அது கம்பெனிகளுக்குத்தான். கூட்டு வணிகமாகவோ தனி உரிமையாளர் பெயரிலோ நடக்கும் பட்டாசு ஆலைகளுக்குப் பெரும்பாலும் வரித் தணிக்கை மட்டுமே. அதற்கு நிரப்பிவந்த 3சிடி படிவத்தில் மூலப்பொருள், உற்பத்தி, இருப்பு எல்லாவற்றுக்கும் அளவு கேட்கிறார்கள். மனசு வைத்துப் பார்த்தால் அந்த ஒரு பக்கமே நிறையச் சொல்லும்.

அது சொல்லாததும் ஒன்று உண்டு. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில்; ஆலையோ வேறு பலருக்கு உள்குத்தகை விடப்பட்டிருந்தது. ஷெட்டுக்குள் வேலை நடத்துவது யார் என்று கேட்கும் கட்டம் வரிப் படிவத்தில் கிடையாது.