அத்தையின் வலியும் என் பயமும்

குருமாவுக்குக் கசகசா அரைக்க உட்கார்ந்தால் எனக்கு அத்தையின் ஞாபகம் வந்துவிடும். 'கசகசாவுக்கும் மாமியாருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்லும்போது நான் செய்த தப்பு ஒன்றையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். என்னைப் போல் இன்னொரு சகோதரி அதைச் செய்யாமல் இருந்தால் அதுவே போதும்.

அது 2017ஆம் வருஷம். அத்தைக்கு 68 வயது. மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, மூன்று வருஷம் நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. புரண்டு படுத்தால் வலி, இருமினால் வலி. முதலில் காட்டிய இடத்தில், "இந்த நோய்னா வலி இருக்கத்தாம்மா செய்யும், பொறுத்துக்கணும்" என்று சொல்லி, தலைவலிக்குப் போடுகிற மாத்திரையையே எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான், என் மகள் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே வலி நிவாரணத்துக்குத் தனிப் பிரிவு இருப்பது தெரிந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா, ஆபரேஷன் சமயத்தில் மயக்க மருந்து கொடுப்பவர். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக விசாரித்தார். மார்ஃபின் மாத்திரை எழுதினார். காலை 6 மணி, 10 மணி, பகல் 2 மணி, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று. ராத்திரி 10 மணிக்குப் படுக்கும்போது இரண்டு. ஆக, நாளைக்கு 6. பதினைந்து நாளைக்கு 90 மாத்திரை. மலச்சிக்கல் வராமலிருக்க வேறு ஒரு மாத்திரை.

"வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு மாமி சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஐயையோ, மார்ஃபினா? அது அபினாச்சேடி! பழக்கமாயிடும். கடைசிக் கட்டத்துலன்னா குடுப்பா!"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அபின் என்றால் சினிமாவில் பார்த்ததுதான் தெரியும். அத்தையை நானே போதைக்கு அடிமையாக்குவதா? மூச்சு நின்று போனால்? நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். அத்தை வாய்விட்டுக் கேட்டால் மட்டும் ஒன்று, ராத்திரி ஒன்று. அவ்வளவுதான். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

அத்தையா வாய்விட்டுக் கேட்கிறவர்கள்! நாலு பிள்ளை பெற்று, நாலையும் வீட்டிலேயே பெற்றவர்கள். ஒரு நாள் நடு ராத்திரியில் என் மகள் வந்து எழுப்பினாள். "அம்மா, அப்பாயி முந்தானையை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு அழுவுது." போய்ப் பார்த்தேன். சத்தம் கேட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று முந்தானையைக் கடித்திருக்கிறார்கள். அப்போதும் நான் ஒரு மாத்திரைதான் கொடுத்தேன்.

தொண்ணூறில் அறுபது

பதினைந்தாம் நாள் டாக்டரம்மாவிடம் போனோம். இந்த மாத்திரைக்கு அங்கே கணக்கு உண்டு. அட்டைகளை எண்ணிப் பார்த்தார். "தொண்ணூறு கொடுத்தேன். அறுபது மீதி இருக்கே?"

தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது. பயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"உங்க பொண்ணு சிசேரியன்தானே? அன்னிக்கு உங்க முதுகில ஊசி போட்டது நான்தான். மரத்துப்போற மருந்தோட ஃபென்டனில்னு ஒண்ணு துளி சேர்த்தேன். அதுவும் மார்ஃபின் குடும்பம்தான். அன்னிக்கு நீங்க பயப்படலையே? அடிமையாகவும் இல்லையே?"

எனக்குப் பேச்சு வரவில்லை. என் உடம்புக்கு வந்தபோது மருந்தாக இருந்தது, அத்தைக்கு வந்தபோது மட்டும் எப்படி விஷமாயிற்று?

கசகசாச் செடியின் பால்

அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

நாம் அரைக்கிற கசகசா, அபினிச் செடியின் விதைதான்! செடியில் காய் பச்சையாக இருக்கும்போது மேலாகக் கீறினால் பால் வடியும். அது காய்ந்தால் அபின். காய் முற்றியபின் உள்ளே இருப்பது கசகசா. விதையில் போதைப் பொருள் கிட்டத்தட்ட இல்லை என்பதால் குருமாவுக்குப் பயம் வேண்டாம். ஆனால் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்கக் கூடாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அதற்குத் தடை இருக்கிறது.

அபினிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த செர்ட்டர்னர் என்ற இளம் மருந்தாளுநர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் செய்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வம் மார்ஃபியஸ். அந்தப் பெயரைத்தான் மருந்துக்கு வைத்தார்.

பூட்டும் சாவியும்

மாத்திரை எப்படி வேலை செய்கிறது? நம் மூளையிலும் தண்டுவடத்திலும் சின்னச் சின்னப் பூட்டுகள் போல இடங்கள் இருக்கின்றன. மார்ஃபின் சாவி போல அதில் போய்ப் பொருந்துகிறது. உடனே வலிச் செய்தி மேலே போவது அடங்குகிறது. செடியின் சாவிக்கு நம் உடம்பில் ஏன் பூட்டு? அந்தப் பூட்டு நம் உடம்பே சுரக்கும் வலி நிவாரணிகளுக்காக இருப்பது! 1975இல் ஸ்காட்லாந்தில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்ற இருவர் இப்படிப்பட்ட பொருள்களை மூளையில் கண்டுபிடித்தார்கள்.

இதே பூட்டுகள் குடலிலும் இருக்கின்றன. அதனால்தான் மலச்சிக்கல். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம். அவை பெரும்பாலும் தானே குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. நிலாவாரையிலிருந்து எடுத்த மாத்திரை போல ஏதாவது ஒன்றை டாக்டர் கூடவே எழுதுவது இதற்காகத்தான். அதை விட்டுவிடக் கூடாது.

மூச்சைக் கவனிக்கும் மூளைப் பகுதியிலும் இந்தப் பூட்டுகள் உண்டு. அளவு மீறினால் மூச்சு மெதுவாகும். மாமியின் பயமும் என் பயமும் முழுப் பொய்யில்லை. ஆனால் குறைந்த அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றினால் அந்த ஆபத்து மிகவும் குறைவு. எழுப்பினாலும் எழாத தூக்கம், மிக மெதுவான மூச்சு, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது... இவை தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அது பூட்டிலிருந்து மார்ஃபினைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்.

ஆபரேஷன் மேஜையில்

"மயக்க மருந்துன்னா ஒரே ஊசின்னு நினைக்கிறீங்க. மூணு வேலை இருக்கு" என்றார் டாக்டரம்மா. நினைவு போக ஒன்று. தசை தளர ஒன்று. வலியை அடக்க ஒன்று. தூங்குகிற உடம்புக்கும் வலி தெரியுமாம். கத்தி பட்டால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். அதை அடக்குவது மார்ஃபின் குடும்பத்தின் வேலை.

அங்கே அதிகம் புழங்குவது ஃபென்டனில். பெல்ஜியத்தில் பால் ஜான்சென் என்பவரின் கூடத்தில் 1960இல் உருவானது. மார்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியம். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராமில்தான் அளந்து கொடுப்பார்கள். சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் இறங்கும். ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டிலேயே நிற்பது எதற்கு? ஒவ்வொரு மூச்சையும் கவனிக்கத்தான்.

பழக்கமாகிவிடுமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். இரண்டு விஷயத்தை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தினமும் சாப்பிட்ட உடம்பு அந்த மருந்துக்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும். ஆகவே டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும். அடிமையாவது என்பது வேறு. வலி இல்லாதபோதும் போதைக்காக மனம் அலைவது, கெடுதல் தெரிந்தும் விட முடியாமல் தவிப்பது. புற்றுநோய் வலிக்கு முறையாகக் கொடுக்கும்போது இது அபூர்வம். கடைசிக் கட்டத்துக்கான மருந்து என்பதும் தப்பு. வலி கடுமையாக இருந்தால் எந்தக் கட்டத்திலும் கொடுக்கலாம். வாய் வழியாக, கடிகாரப்படி, வலியின் அளவுக்குத் தக்கபடி கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே சொல்லிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு லைசென்ஸுடன் அபினிச் செடி பயிராகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே தொழிற்சாலை வைத்திருக்கிறது. அப்படியும் நம் நாட்டு நோயாளிகளுக்கு மார்ஃபின் எட்டாக் கனியாக இருந்தது. 1985இல் வந்த போதைப் பொருள் சட்டத்தால் ஒரு ஆஸ்பத்திரி இதை வாங்கி வைக்கவே பல லைசென்ஸ்கள் எடுக்க வேண்டியிருந்தது. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண இயக்கத்தை ஆரம்பித்து, ஏழைகளுக்கும் இந்த மாத்திரை கிடைக்க வழி செய்தார்கள். அவரும் ஒரு மயக்க மருந்து டாக்டர்தான்! 2014இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாயிற்று.

அதற்காகச் சின்ன வலிக்கெல்லாம் இதைத் தேடக் கூடாது. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்த வகை மாத்திரைகளைத் தாராளமாக எழுதித் தள்ளியதில் லட்சக்கணக்கானவர்கள் சிக்கிச் சீரழிந்தார்கள். மருந்து ஒன்றுதான், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கைக்குழந்தை இருக்கிறதா?

இளம் தாய்மார்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கிறது. அதுவும் அபினின் பிள்ளைதான். கல்லீரலில் போய் மார்ஃபினாக மாறுகிறது. சிலர் உடம்பில் இந்த மாற்றம் அதிவேகமாக நடக்கும். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போனால் அதன் மூச்சுக்கே ஆபத்து. கோடீனையும் டிரமடாலையும் பாலூட்டும் தாய்மார்களும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் சாப்பிடக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. கடையில் கேட்டு வாங்கிய இருமல் மருந்தைக் குழந்தைக்கு ஊற்றாதீர்கள்.

வீட்டில் மார்ஃபின் இருந்தால் பூட்டி வையுங்கள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையோடு சேர்க்காதீர்கள். மிஞ்சியதை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அத்தை தொடுத்த மல்லிகை

அன்று சாயங்காலத்திலிருந்து கடிகாரம் பார்த்துக் கொடுத்தேன். சமையலறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்ததும் ஒரு கோடு போடுவேன். இரண்டு நாள் அத்தை நிறையத் தூங்கினார்கள். நான் பயந்துபோய் மூச்சை மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் தாங்களாகவே எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "காப்பி இருக்காம்மா?" என்றார்கள். ஒரு வாரத்தில் அரைப்படி மல்லிகை வாங்கி வரச் சொல்லி, தொடுத்து, பேத்திக்குத் தலை பின்னி வைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் மடியில் பூவை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்கள்: "நீ பயந்துக்கிட்டுத்தான் மாத்திரை கொடுக்கலேன்னு எனக்குத் தெரியும்மா. கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் கேக்கலை."

ஐந்து மாதம் இருந்தார்கள். வலி ஏறியபோது டாக்டரம்மா அளவை ஏற்றினார். கடைசியில் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போனார்கள். முகத்தில் வலி இல்லை. அந்த ஐந்து மாதத்தை நினைத்து நான் நிம்மதிப்படுகிறேன். அதற்கு முந்திய பதினைந்து ராத்திரிகளைத்தான் எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது டாக்டர் இந்த மாத்திரையை எழுதினால், சந்தேகம் எல்லாவற்றையும் அவரிடமே கேளுங்கள். பத்துத் தடவை வேண்டுமானாலும் கேளுங்கள். என்னைப் போல் மனசுக்குள்ளே பயந்துகொண்டு, மாத்திரையை அலமாரியில் ஒளித்து வைக்காதீர்கள்.