யாரைக் கேட்பது?

என் தம்பிக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கோடை நாளில் அவனுக்குப் பேதி கண்டது. அன்று எங்கள் வீட்டில் நடந்தவை எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கின்றன. என் தாயார் முதலில் பாட்டியைக் கேட்டார். "பல் முளைக்கிற பேதி; தானே நின்றுவிடும்" என்றார் பாட்டி. அடுத்த வீட்டு அம்மையார், "தண்ணீர் மட்டும் கொடுத்துவிடாதே, கொடுக்கக் கொடுக்கப் போய்க்கொண்டேதான் இருக்கும்" என்று எச்சரித்தார். மருந்துக் கடைக்காரர், குழந்தையைப் பாராமலே இரண்டு மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மாலையில் என் தந்தையார் ஒரு கம்பவுண்டரை அழைத்து வந்தார். அவர் குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரல்களால் மெல்லக் கிள்ளி விட்டார். தோல் உடனே படியவில்லை; மடிப்பாகச் சிறிது நேரம் நின்று மெதுவாகத் தாழ்ந்தது. "உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, அம்மா. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்" என்றார். தம்பி பிழைத்தான்.

ஒரே நாளில் நால்வர் நான்கு விதமாகச் சொன்னார்கள். நால்வரில் ஒருவரும் எங்களுக்குத் தீங்கு நினைத்தவரல்லர். ஆயினும் ஒருவர் சொல் குழந்தையைக் காத்தது; இன்னொருவர் சொல்லை இறுதிவரை கேட்டிருந்தால் குழந்தை இறந்திருக்கும். இந்த வேறுபாட்டைப் பெற்றோர் எவ்வாறு கண்டுகொள்வது என்பதே இன்று நான் உங்களுடன் ஆராய விரும்பும் பொருள்.

"தண்ணீர் கொடுக்காதே" என்ற அறிவுரையை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதிலும் ஒரு கண்கூடான நியாயம் இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றினால் ஒழுகத்தானே செய்யும்? தாய் கண்ணால் காண்பது அதுவே. அவள் காணாதது, பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடும் வறட்சியே என்பதாகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுதோறும் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் வயிற்றுப்போக்கினால் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்பு கூறுகிறது.

இழந்த நீரை வாய் வழியாகவே மீட்கலாம் என்பதற்குரிய அடிப்படையை 1960-ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார். நம் சிறுகுடலின் சுவரில் நுண்ணிய வாயில்கள் பல உள்ளன. உப்பிலுள்ள சோடியமும், குளுக்கோஸ் என்னும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் அவ்வாயில்கள் இரண்டையும் ஒருங்கே உள்ளே ஏற்றுக்கொள்கின்றன. நீரும் அவற்றைப் பின்தொடர்ந்து செல்கிறது. பேதியின்போதும் இந்த வாயில்கள் பெரும்பாலும் பழுதாவதில்லை. வெறும் தண்ணீர் செய்யாததை உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த தண்ணீர் செய்வது இதனாலேயே. அளவு தவறிச் சர்க்கரை மிகுந்துவிட்டாலோ, அச்சர்க்கரை உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை மிகுவிக்கும்.

1971-ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போர் நடந்தபோது, இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்து குவிந்தனர். எல்லையோரத்து பன்காவ் நகர முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகும் நிலையில், திலீப் மஹலனாபிஸ் என்ற இந்திய மருத்துவர் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். உப்பையும் குளுக்கோஸையும் அளந்து கலந்து, நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்து ஊட்டச் செய்தார். நரம்பு வழி நீரை மட்டும் நம்பியிருந்த இடத்தில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டனர். இம்முறையைக் கையாண்டபோது அது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயிற்று. படிப்பறியாத தாயும் தந்தையும் அன்று மருத்துவரின் கைகளாக விளங்கினர். கரைசல் செய்யும் முறை துண்டுத்தாள்களாக எல்லையோரத்தில் வழங்கப்பட்டது. மறைவாக இயங்கிய வங்காளதேச வானொலியிலும் ஒலிபரப்பப்பட்டது. வானொலியில் பேசும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் செய்தியைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதையும் அதே நாடு நமக்குக் கற்பித்தது. 1980-இல் பிராக் என்ற தொண்டு நிறுவனம், வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் ஆகியவற்றைக் கொண்டு கரைசல் செய்யத் தாய்மார்க்குக் கற்பிக்கத் தொடங்கியது. எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைக் கணக்கிட்டு ஊழியருக்குச் சம்பளம் தரவில்லை. சில நாள் கழித்து வேறொருவர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதித்து, அதற்கேற்பவே கொடுத்தனர். அப்படியிருந்தும் தொடக்கத்தில், கற்ற தாய்மாரில் மிகச் சிலரே குழந்தைக்குப் பேதி வந்தபோது கரைசலைக் கொடுத்தனர். காரணத்தை ஆராய்ந்தபோது, ஊழியர்களில் பலர் தமக்குப் பேதி வந்தால் கரைசலை நம்பாமல் மாத்திரையை நாடியது தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசாததும் தெரிந்தது. அதன்பின் ஊழியர்க்கே காரணகாரியத்தை விளக்கினர். சந்தையிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆடவரிடமும் மாணவரிடமும் பேசினர். 1990-க்குள் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு இக்கல்வி சென்றது. சொல்பவர் தாமே நம்பாத செய்தியைக் கேட்பவர் நம்புவதில்லை என்ற பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று பெற்றோருக்குச் செய்திப் பஞ்சம் இல்லை. பாட்டியும் அடுத்த வீட்டாரும் இருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். இவர்களோடு கைப்பேசியும் இருக்கிறது. நள்ளிரவில் ஒரு வினாவை அதில் எழுதினால் ஆயிரம் விடைகள் வருகின்றன. ஆயிரம் விடைகளுக்கு நடுவே விழித்து நிற்கும் தாய், நால்வருக்கு நடுவே நின்ற என் தாயாரைவிட எவ்வகையிலும் அதிகமாகத் தெளிவு பெற்றவள் அல்லள்.

பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எழுத்தும் ஏமாற்றக்கூடும். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் நம் நாட்டுக் கடைகளில் பல ஆண்டுகள் விற்பனையாகி வந்தன. சர்க்கரை மிகுந்த அவற்றைப் பெற்றோர் உயிர் காக்கும் கரைசல் என்றே எண்ணி வாங்கினர். உரிய முறைப்படி அமையாத பானங்களுக்கு அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு லிட்டர் கரைசலில் இருக்க வேண்டிய குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம். இந்த இரண்டு எண்களை அறிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தே உண்மையைக் கண்டுகொள்வார்.

அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். பல வீடுகளில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவரும், கைப்பேசியில் தேடித் தருபவரும் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைகளே அல்லவா? ஆகவே எந்த அறிவுரையைக் கேட்டாலும் நான்கு வினாக்களை எழுப்புங்கள். சொல்பவர் யார், அவர் எதைக் கற்றவர்? அச்சொல்லால் அவருக்கு ஏதேனும் விற்பனையாகிறதா? "செய்" என்பதோடு நில்லாமல், ஏன் என்ற காரணத்தையும் எவ்வளவு என்ற அளவையும் சொல்கிறாரா? எந்த நிலையில் இவ்வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று தம் அறிவுரையின் எல்லையைச் சொல்கிறாரா?

நான்காவது வினாவே மிக இன்றியமையாதது. பேதியில் குழந்தை குடிக்க முடியாமல் கிடந்தாலும், கண் குழிந்து சோர்ந்து எழுப்பினாலும் விழிக்காமல் இருந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் இறங்காவிட்டாலும் கணமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கரைசலை வழியிலும் கொடுத்துக்கொண்டே செல்லலாம். ஆனால் நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது.

அன்று வந்த கம்பவுண்டர் பெரிய பட்டம் பெற்றவரல்லர். ஆனால் அவர் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார், காரணம் சொன்னார், கரண்டி கரண்டியாக என்று கொடுக்கும் முறை சொன்னார், "ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்" என்று தம் அறிவின் எல்லையையும் சொன்னார். என் தாயார் அந்த நான்கையும் ஆராய்ந்து அவரை நம்பினார் என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போன நிலையில் கடைசியாகக் கேட்ட சொல்லை நம்பினார், அவ்வளவே. எங்கள் நல்வினை, கடைசிச் சொல் சரியான சொல்லாக இருந்தது. இனிவரும் தாய்மார் நல்வினையை மட்டும் நம்பி நிற்கலாகாது. அவர்கள் அருகில், கேட்டதை எடைபோட்டுச் சொல்ல அறிந்த ஒரு மகனோ மகளோ நிற்க வேண்டும்.