ஏரிகளை விழுங்கிய தொட்டிச் செடி!

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் அதில் பச்சைச் செடியும் வைப்பார்கள். அது வெறும் அழகுக்காக அல்ல. வெளிச்சம் பட்டால் செடி தண்ணீரில் பிராணவாயுவை விடும். மீன் கழிவில் உண்டாகும் உப்புகளை உறிஞ்சும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கும்.

இரவில் செடி பிராணவாயுவை விடாது; மீனைப் போல எடுத்துக்கொள்ள மட்டுமே செய்யும். ஆகையால் செடிகளை நெருக்கி அடைக்கக் கூடாது.

தொட்டியில் சுலபமாக வளரும் செடி, வேலம்பாசி. நம் ஊர்க் குளங்களில் கிடப்பதுதான். இது அமெரிக்காவில் செய்த அட்டகாசத்தைக் கேளுங்கள்!

கால்வாயில் கொட்டினார்

1950-களின் தொடக்கத்தில் இலங்கையில் இருந்து வேலம்பாசி அமெரிக்காவுக்குப் போயிற்று. புளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரில் ஒரு மீன் வியாபாரியிடம் வந்து சேர்ந்தது. சரக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. கால்வாயில் கொட்டிவிட்டார்.

சில மாதங்களில் அது அங்கே செழித்து நின்றது! "இந்திய நட்சத்திரக் கொடி" என்ற பெயரில் விற்பனையும் ஆயிற்று. 1960-ல் மியாமி கால்வாய் ஒன்றிலும் கிரிஸ்டல் ஆற்றிலும் அதைக் கண்டார்கள். 1990-களில் அம்மாநிலத்துப் பொது ஏரி, ஆறுகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கில் அது பரவி இருந்தது. படகு நகரவில்லை. தூண்டில் இறங்கவில்லை.

ஆணே இல்லை!

புளோரிடாவில் பரவியது முழுவதும் பெண் செடி. ஆண் செடி இல்லை. எனவே விதையும் இல்லை. பிறகு எப்படிப் பெருகிற்று? ஒரு கணு ஒடிந்து மிதந்தால் போதும், புதுச் செடி ஆகிவிடும். நாள் ஒன்றுக்கு ஓர் அங்குலம் வளரும். வெட்டினால் துண்டுகள் மிதந்துபோய் வேறிடத்தில் முளைக்கும். சேற்றில் புதைந்த சிறு கிழங்கு நான்கு ஆண்டு கழிந்தும் முளைக்கும்!

மருந்து தெளித்தார்கள். இனம் பெருக்காத மலட்டுப் புல்கெண்டை மீன்களை மேய விட்டார்கள். ஆண்டுதோறும் பல லட்சம் டாலர் செலவு. இன்னும் ஒழிந்தபாடில்லை.

தொட்டியில் கழித்த செடியை வாய்க்காலில் எறியாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

2020-ல் கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஓர் ஓடை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்தது. பூத்தது கபோம்பா. தென் அமெரிக்காவைச் சேர்ந்த தொட்டிச் செடி! வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்களில் சிலர் செடியைப் பறித்து வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள்.